கேட்கப்படாத நாற்பத்தொரு நிமிடங்கள்

ஒவ்வொரு நாளும் மாலை ஐந்து மணிக்கு, கடல்தொடர்பு நிலையத்தின் பொறுப்பாளர் குழல்வாய்மொழி படகுக்கு இரண்டு தாள்களாக எடுத்து, மேற்குச் சன்னலின் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்திப் பிடிப்பார். அடித்தாளில், முந்தைய நாளே கணிப்பான் என்ற மென்பொருள் வரைந்து வைத்த கோடு இருக்கும். மேல்தாளில், அன்றைக்கு நடந்ததைக் காட்டும் கோடு இருக்கும். மாலை வெயில் இரண்டையும் ஊடுருவி வரும்போது, கோடுகள் பொருந்துகின்றனவா என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். பொருந்தினால் ஓரத்தில் கையொப்பமிட்டுக் கோப்பில் சேர்ப்பார். இதையெல்லாம் கணினித் திரையிலேயே பார்த்துவிடலாம். அப்படிச் செய்யும்படி மேலிடத்திலிருந்து சொன்னதும் உண்டு. ஆனாலும் ஆறு ஆண்டுகளாக அவர் சன்னலைத்தான் நம்பினார். தென்காசியில் பிறந்தவர், கடலைப் பார்க்காமல் வளர்ந்தவர். கடலைத் தன்னால் முன்கூட்டியே சொல்ல முடிகிறது என்ற எண்ணம் அவருக்கு ஒரு சிறிய மகிழ்ச்சியைக் கொடுத்தது. அந்த மகிழ்ச்சியை நாம் குறை சொல்ல வேண்டியதில்லை.

தூத்துக்குடிக்குத் தெற்கே, புன்னைத்துறைக் கடல்தொடர்பு நிலையத்தின் கோபுரம் நூற்று நாற்பத்திரண்டு படகுகளுக்குக் காதாகவும் வாயாகவும் இருந்தது. கரைக்கும் படகுக்கும் இடையே வானொலி அலை செல்லும் பாதையை அங்குள்ளவர்கள் அலைவழி என்பார்கள். தரையில் அது ஓரளவு நிலையானது. கடலில் அப்படியன்று. அலை எழுந்தால் மாறும். படகு சாய்ந்தால் மாறும். நீருக்குமேல் ஈரக்காற்று தடித்தால் மாறும். முன்பெல்லாம் கோபுரம் ஒவ்வொரு படகையும் நோக்கி, "இருக்கிறாயா, கேட்கிறதா?" என்று தட்டித் தட்டிப் பார்த்தே பாதி நேரத்தை இழந்தது. கணிப்பான் வந்தபின் அந்த வேலை ஒழிந்தது. அது ஒவ்வொரு படகின் போக்கையும், காற்றையும், நீரோட்டத்தையும் மாதக்கணக்கில் கற்றது. நாளைக் காலை எட்டு இருபதுக்கு எந்தப் படகின் அலைவழி தெளிவாக இருக்கும், எது மங்கிவிடும் என்று இன்றே சொன்னது. தெளிவான வழிகளை நோக்கி மட்டும் கோபுரம் தன் கூர்மையான காதைத் திருப்பியது. அதன் பயனாக மீனவர்கள் நடுக்கடலில் இருந்தபடியே தங்கள் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். எல்லாத் திசையிலும் ஒருசேரக் கேட்டுக்கொண்டிருந்த பழைய கருவி இரைச்சல் மிகுந்தது என்று கழற்றப்பட்டு, மாடிப்படிக்கு அடியில் கிடந்தது.

ஒரு வியாழக்கிழமை பிற்பகலில் ஒரு பெண் நிலையத்துக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சேலை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, நாற்காலியைப் பார்த்தும் உட்காராமல் நின்றார்.

"ஸ்டேஷன் அம்மா நீங்கதானா?"

"ஆமாம்மா. உட்காருங்க."

"உக்கார வரல. நான் செலஸ்தீனா. தொபியாஸ் பொஞ்சாதி. ஒரே ஒரு கேள்விதான். அதுக்குப் பதில் சொல்லிட்டீயன்னா போயிருவேன். என் தம்பி கூப்பிட்டானா, கூப்பிடலையா?"

குழல்வாய்மொழிக்கு அந்தப் பெயர் தெரியும். ஒன்றரை மாதத்துக்கு முன் நடந்தது அது. செலஸ்தீனாவின் கணவர் தொபியாசும், தம்பி கஸ்பாரும் சோடியாகத் தொழில் செய்தவர்கள். இரண்டு படகு, ஒரே வலை. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று திடீரென்று வலுத்த ஒரு காலையில், தொபியாசின் படகை நீருக்கடியில் தள்ளும் விசிறியில் வலைக்கயிறு சுற்றிக்கொண்டது. படகு கவிழ்ந்தது. விசிறியின் அலகு அவர் தொடையைக் கிழித்தது. கஸ்பார் அவரைத் தன் படகில் ஏற்றினார். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதில் ஊர் இரண்டுபடவில்லை. ஒரே பக்கமாக நின்றது. உதவிக்கு அழைத்தேன், பதில் வரவில்லை என்றார் கஸ்பார். அழைப்பு எதுவும் பதிவாகவில்லை என்றது நிலையத்தின் அறிக்கை. கஸ்பாரின் படகு கரை சேர அரைமணி நேரம் இருக்கும்போது தொபியாஸ் இறந்துபோனார். கவிழ்ந்த படகை மறுநாள் கரைக்கு இழுத்து வந்தார்கள்.

"ரிப்போர்ட்ல எழுதியிருக்கேனேம்மா. கூப்பிட்டதா எதுவும் பதிவாகலை."

"பதிவாகலைங்கிறது வேற, கூப்பிடலைங்கிறது வேற. நான் அடுக்களையில மிக்ஸி ஓட்டிக்கிட்டு இருக்கும்போது வாசல்ல ஆளு நின்னு கூப்பிட்டா எனக்குக் கேக்காது. அதுக்காக ஆளே வரலன்னு சொல்லுவனா?"

குழல்வாய்மொழி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"வாற ஞாயித்துக்கிழம பூசைக்குப் பொறவு ஊர்க்கூட்டம். அவன் இனி இந்தத் துறையில படகு எறக்கக் கூடாதுன்னு தீர்ப்பு எழுதப் போறாவ. பாரைக் காட்டிக் குடுக்க மனசில்லாம கூப்பிடாம இருந்துட்டானாம். செத்தவரு பொஞ்சாதி கையெழுத்து இருந்தா நல்லதுன்னு இஸ்தாக்கித் தலைவரு சொல்லுதாரு. நான் போடணுமா வேண்டாமா? ஒன்றரை மாசமா அவன் மொகத்த நான் பாக்கல. வாசல்ல வந்து நிப்பான், கதவத் தெறக்க மாட்டேன். அவன் கூப்பிட்டிருந்தான்னா நான் பாவி. கூப்பிடலைன்னா அவன் பாவி. ரெண்டுல ஒண்ணத் தெரிஞ்சுக்கணும்லா?"

பார் என்பது கடலடியில் உள்ள பாறைத்திட்டு. மீன் தங்கும் இடம். ஒரு பாரைக் கண்டுபிடித்தவர் அதை மனைவிக்குக்கூடச் சொல்லமாட்டார் என்பார்கள். கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் நிறுத்தி, இடத்தை மனத்துக்குள் மட்டும் குறித்துக்கொள்வார்கள். புன்னைத்துறையில் எல்லோருக்கும் இது தெரியும். அதனால்தான் ஊர் அந்தக் குற்றச்சாட்டை அவ்வளவு எளிதில் நம்பியது.

குழல்வாய்மொழி எழுந்து, கஸ்பாரின் படகுக்கான அந்த நாளின் இரண்டு தாள்களையும் கோப்பிலிருந்து எடுத்தார். சன்னல் கண்ணாடியில் வைத்தார். விடியற்காலை முதல் எட்டு மணிவரை கோடுகள் உடன்பிறந்தவர்கள் நடப்பதுபோல், கொஞ்சம் விலகியும் கொஞ்சம் ஒட்டியும் சென்றன. எட்டு இருபதில் இரண்டும் ஒரே கோடாயின. மயிரிழை விலகல்கூட இல்லை. ஒன்பது நாற்பத்தைந்துவரை அப்படியே. அதன்பின் மீண்டும் விலகின.

இந்தத் தாளில் அவர் கையொப்பம் இருந்தது. 'மிக நன்று' என்றும் எழுதியிருந்தார்.

இப்போதுதான் அவருக்கு உறைத்தது. கடல் மயிரிழை விலகாமல் நடந்துகொள்ளாது.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் கையெழுத்துப் போடாதீங்கம்மா" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "எனக்கு ரெண்டு நாள் குடுங்க."

மறுநாள் காலையிலிருந்து அவர் மேசையை விட்டு எழவில்லை. முந்தைய ஒன்றரை ஆண்டின் பதிவுகளைப் புரட்டினார். கஸ்பாரின் படகு 'அடைக்கல மாதா'. நாள்தோறும் எட்டு இருபது ஆனதும் அதன் அலைவழி அறுந்துபோகும். எண்பத்தைந்து நிமிடம் கழித்து உயிர்பெறும். தொடக்கத்தில் கோபுரம் அந்த நேரத்திலும் காதைத் திருப்பிப் பார்த்திருக்கிறது. நூறு நாள் பார்த்தது. நூறு நாளும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கணிப்பான் ஒரு முடிவுக்கு வந்தது. கேட்காத இடத்தில் காதை வைத்துக்கொண்டிருப்பானேன்? அந்த எண்பத்தைந்து நிமிடத்தையும் மற்றப் படகுகளுக்குப் பங்கிட்டுவிட்டது.

கேட்காத நேரத்துக்குப் பதிவு கிடையாது. தாளில் வெற்றிடம் விழ வேண்டும். வெற்றிடம் விழவில்லை. ஏனெனில், வெற்றிடம் உள்ள இடத்தில் கணிப்பையே எடுத்து நிரப்பலாம் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. மாத அறிக்கையில் ஓட்டைகள் தெரிந்தால் பார்வைக்கு நன்றாயிராது என்று, இரண்டு ஆண்டுகளுக்குமுன் அதற்கு ஒப்புதல் கொடுத்தவர் குழல்வாய்மொழிதான். ஆக, கணிப்பு சரிதானா என்று அவர் மாலைதோறும் சரிபார்த்தது, கணிப்பை வைத்தே.

அவர் சென்னையிலிருந்த தலைமைப் பொறியாளரைத் தொலைபேசியில் அழைத்தார். அனந்தகிருஷ்ணன் கெட்டவர் அல்லர். பொறுமையாகக் கேட்டார்.

"அழைப்பு பதிவாகலைன்னு எழுதினீங்க. பதிவாகலைதானே? அது பொய் இல்லையேம்மா."

"பொய் இல்லை சார். அதனாலதான் ஒன்றரை மாசமா யாரும் என்னைச் சந்தேகப்படலை."

"இப்ப என்ன செய்யணுங்கறீங்க?"

"கணிப்பான் ஒண்ணும் இருக்காதுன்னு சொல்ற இடத்திலயும் கோபுரம் அப்பப்போ காது குடுக்கணும். மாடிப்படிக்கு அடியில கிடக்கிற பழைய கருவியையும் திரும்ப ஏத்தணும்."

"மத்தவங்களுக்குத் தொடர்பு பத்துல ஒரு பங்கு குறையும். நடுவுல அறுபடும். நாளைக்கே எனக்கு நூறு புகார் வரும்."

"அறுபட்டா திரும்பக் கூப்பிட்டுக்குவாங்க சார். உயிரோட இருக்கிறவங்க."

மறுமுனையில் ஒரு கதவை மூடும் சத்தம் கேட்டது.

"எழுத்துல என்னைக் கேக்காதீங்க. கேட்டா நான் வேண்டாம்னுதான் எழுதணும்" என்றார் அனந்தகிருஷ்ணன். "இந்த ஃபோனை நான் எடுக்கவே இல்லைன்னு வச்சுக்குங்க. அப்புறம்... இரைச்சல்னு ஒதுக்கிவச்ச கோப்பைப் பாத்தீங்களா? அந்தத் திசைக்குப் பக்கத்தில காது திரும்பியிருந்தா, கொஞ்சம் கசிஞ்சு வந்திருக்கும்."

குழல்வாய்மொழி அதுவரை அதைப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தார்.

அந்தக் காலையில் கோபுரம் 'சவேரியார்' என்ற படகைக் கேட்டுக்கொண்டிருந்தது. அது கஸ்பாரின் படகுக்கும் அப்பால், ஏறத்தாழ அதே திசையில் இருந்தது. எட்டு முப்பத்தொன்றிலிருந்து அந்தக் கேட்பில் ஏதோ குறுக்கிட்டது. மூன்று துண்டு, ஓர் இடைவெளி, மறுபடி மூன்று துண்டு. இந்தத் திசையில் இந்நேரம் வேறு யாரும் பேச வழியில்லை என்று முடிவுசெய்த கணிப்பான், அதை இரைச்சல் என்று வடிகட்டி ஒதுக்கியிருந்தது. குழல்வாய்மொழி அந்த இரைச்சலை எடுத்துத் தூசி தட்டினார். ஒலிபெருக்கியில் காற்றைப்போல் ஒரு சீறல். அதற்குள்ளிருந்து, கிணற்றடியிலிருந்து வருவதுபோல் ஒரு குரல்.

"அடைக்கல மாதா... அடைக்கல மாதா... அடைக்கல மாதா..."

கஸ்பார் தன் படகின் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தார். ஒன்பது பன்னிரண்டுவரை. அறுபத்து மூன்று முறை.

சனிக்கிழமை காலை, கடற்கரையில் தன் படகின் நிழலில் உட்கார்ந்து, கிழியாத வலையைக் கிழிந்திருக்கிறதா என்று கஸ்பார் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது, தாடி வளர்ந்திருந்தது. குழல்வாய்மொழியைக் கண்டும் எழவில்லை.

"நீங்கதானம்மா எழுதிக் குடுத்தீய, நான் கூப்பிடலைன்னு. இன்னும் என்ன எழுதணும்? எம் பேரையா, அப்பன் பேரையா?"

"நீங்க கூப்பிட்டீங்க. அறுபத்து மூணு தடவை. நான்தான் கேக்கலை."

கஸ்பாரின் கையிலிருந்த வலை நழுவியது. கடல் பக்கம் திரும்பினார்.

"எண்ணல நான்" என்றார். "ஸ்டேஷன்ல வகுப்பு எடுத்தப்ப சொன்னீய. உதவி கேட்டுட்டா எடத்த விட்டு அசையக் கூடாது, மீட்புப் படகு அம்பது நிமிசத்துல வந்துரும்னு. அத்தான் சொன்னாரு, 'ஓட்டுல கரைக்கி'ன்னு. நான்தான், 'இரிங்க அத்தான், வந்துருவாவ, ஆட்டம் குடுத்தா ரத்தம் இன்னும் போகும்'னேன். பொறவு பேசுற கருவியோட பேட்டரியும் செத்துப்போச்சு. அதுக்கு மேலதான் ஓட்டுனேன்."

அந்த விதியை வகுப்பில் சொன்னவரும் குழல்வாய்மொழிதான். அவர் மணலில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலை. தினமும் எட்டு இருபதுக்கு உங்க படகு மறைஞ்சு போகுது. ஏன்?"

கஸ்பார் நழுவிய வலையை எடுத்து மடித்தார்.

"அதைச் சொன்னாத்தான், ஏன் கேக்காம விட்டோம்னு என்னால ஊருக்கு விளக்க முடியும்."

"அதச் சொன்னா அவிய சொல்லுறது சரின்னு ஆயிரும்" என்றார் கஸ்பார். "பாருக்கு மேல போனதும் ஏரியலைச் சாய்ச்சுக் கிடத்திருவோம். ஏரியல் நின்னா எங்க நிக்கோம்னு மத்த படகுக்காரன் கருவியில தெரிஞ்சிரும்லா? அத்தான் கண்டுபிடிச்ச பாரு. அவரு சொல்லித்தான் சாய்ப்பேன். அன்னைக்கி மட்டும்... அவரு ரத்தத்தப் பாத்ததும் முதல் வேலையா ஏரியலத்தான் நிமித்துனேன். ஊரே வந்து பாரைப் பாத்துக்கிடட்டும்னு நிமித்துனேன். பாத்துக்கிட ஒருத்தனும் வரல."

"இதை நீங்க ஏன் சொல்லலை?"

"ஏரியலைச் சாய்ப்பேன்னு ஒத்துக்கிட்டா, 'அன்னைக்கும் சாய்ச்சிருப்ப'ம்பாவ. அதுவும் போக, எங்கன சாய்ச்சன்னு கேப்பாவ. அக்கா வீட்டுக்கு இனி அந்தப் பாரு ஒண்ணுதாம்மா. யாரையாவது வச்சுப் படகு ஓட்டுனாலும் பாரு இருந்தாத்தான் மீனு. என்னைக் கடல்ல விடலைன்னா, நான் வெளியூர்ல போயி யாரு படகுலயாவது கூலிக்கு ஏறிக்கிடுவேன். நீங்க எடத்தச் சொல்லாதீய. சத்தியம் பண்ணுங்க."

"சொல்ல மாட்டேன்."

அன்று பிற்பகல் அவர் செலஸ்தீனாவின் வீட்டுக்குச் சென்றார். மேசைமேல் ஒலிப்பெட்டியை வைத்து, ஒரு நிமிடம் மட்டும் போடுவதாகச் சொன்னார். சீறலுக்குள்ளிருந்து குரல் வந்தது. செலஸ்தீனா முதல் சொல்லிலேயே தம்பியை அறிந்துகொண்டார். ஒரு நிமிடம் முடிந்து குழல்வாய்மொழி கையை நீட்டியபோது, அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்தாதீய. முழுசும் போடுங்க."

நாற்பத்தொரு நிமிடமும் இருவரும் கேட்டார்கள். நடுவில் ஒருமுறை வேறொரு குரல், முனகல்போல, மிக மெல்லியதாக வந்து போனது. செலஸ்தீனா கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் சொல் பாதியில் அறுந்து, வெறும் காற்றானது.

"ஒரு தடவகூட அவன் நிறுத்தலையே" என்றார் செலஸ்தீனா.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சமூகக் கூடத்தில் ஊர் கூடியது. ஊர்த்தலைவர் இஸ்தாக்கி பர்னாந்து எழுந்தார். அறுபது வயது, அகன்ற தோள், பேசினால் ஒலிபெருக்கி தேவைப்படாதவர். 'சவேரியார்' அவருடைய படகு.

"வளவளன்னு பேச வேண்டாம். கருவி இருந்தது, ஏரியல் இருந்தது, கூப்பிடல. ஏன் கூப்பிடல? கூப்பிட்டா எடம் தெரியும். பாருக்காக ஒரு உசிரக் குடுத்தவன்கூட ஒரே கடல்ல நாம எப்படிய்யா வல போட முடியும்? நம்ம ஊர்ல வேற எவனாவது பாரை மறைக்க ஏரியலைச் சாய்ப்பானா? சொல்லுங்க."

"இல்ல, இல்ல" என்று சில குரல்கள். அவை அவ்வளவு உரக்க இல்லை. கஸ்பார் பின்சுவரோரமாகத் தனியே நின்றிருந்தார். செலஸ்தீனா பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நடந்துபோய், தம்பியின் அருகில் நின்றுகொண்டார். கூடத்தில் சலசலப்பு எழுந்தது. அப்போதுதான் குழல்வாய்மொழி பேச அனுமதி கேட்டார்.

"ஒரு கதை சொல்லி ஆரம்பிக்கிறேன்."

"கதை கேக்கவா வந்தோம்?" என்றார் ஒருவர்.

"சின்னக் கதைதான். ஒரு குளத்துல ஒரு நாரை காவல் இருந்துச்சு. யாருக்கு ஆபத்துன்னாலும் கூப்பிடலாம், வந்து காப்பாத்தும்."

"நாரை மீனத் திங்குமாம்மா, காப்பாத்துமா?" என்று ஒரு மூதாட்டி கேட்க, கூடம் சிரித்தது. குழல்வாய்மொழியும் சிரித்துவிட்டார்.

"இந்த நாரை அரசாங்க நாரை. சம்பளம் உண்டு. அதனால திங்காது. அது யார் யார் எப்பக் கூப்பிடுறாங்கன்னு கணக்கு வச்சுக்கிச்சு. தவளை மத்தியானத்துல கூப்பிட்டதே இல்லை. நூறு நாள் காத்திருந்து பாத்துச்சு, சத்தமே இல்லை. சரி, மத்தியானம் தவளை பக்கம் காது வேண்டாம்னு நண்டு பக்கம் திரும்பிக்கிச்சு. அன்னைக்கின்னு பாத்து மத்தியானம் பாம்பு வந்துச்சு. தவளை கத்துச்சு, தொண்டை கிழியக் கத்துச்சு. சாயங்காலம் நாரை நோட்டுல எழுதுச்சு: இன்னைக்கும் மத்தியானம் தவளை கூப்பிடலை. கையெழுத்தும் போட்டுச்சு."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் பின்சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்த நாரை நான்தான்" என்றார் அவர். "கஸ்பார் கூப்பிட்டார். கோபுரம் அவர் பக்கம் காதே திருப்பலை. கேக்கலைன்னு எழுத வேண்டிய இடத்துல, கூப்பிடலைன்னு நீங்க எடுத்துக்கிற மாதிரி எழுதினேன். நோட்டுல வெற்றிடம் இருந்தா நல்லா இருக்காதுன்னு நிரப்பச் சொன்னதும் நான்தான். தப்பு என்னோடது. இதை எழுத்தில் கொடுத்திருக்கேன், மேலிடத்துக்கும் அனுப்பிட்டேன். இதைக் கேளுங்க."

ஒலிப்பெட்டியில் ஒரு நிமிடம் ஓடியது. போதுமாயிருந்தது. முன்வரிசையில் இருந்த ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நடுக்கடலில் படகின் பெயரை அப்படிச் சொல்லும் குரல் எத்தகையது என்று அவர்களுக்குத் தெரியும்.

"எல்லாஞ் சரிம்மா" என்றார் இஸ்தாக்கி. "அவன் படகு பக்கம் மட்டும் கோபுரம் ஏன் திரும்பல? அதுக்கொரு காரணம் வேணும்லா?"

கஸ்பார் தலையை நிமிர்த்தினார். குழல்வாய்மொழி அவரைப் பார்க்கவில்லை.

"அவர் படகு மட்டும் இல்லை" என்றார். "நூத்து நாப்பத்திரண்டுல நூத்துப் பத்தொன்பது படகை, தினமும் ஏதோ ஒரு நேரம் கோபுரம் கேக்கிறதே இல்லை. ஏன்னு நான் சொல்லப் போறதில்லை. எந்த நேரம்னு தெரிஞ்சுக்க உங்களுக்கு உரிமை இருக்கு. ஒவ்வொரு படகுக்கும் ஒரு தாள் மடிச்சு வச்சிருக்கேன். இடம் எழுதலை, நேரம் மட்டும்தான். உங்க தாளை நீங்க மட்டும் பாருங்க. நாளையிலிருந்து அந்த நேரத்திலயும் நடுநடுவே கோபுரம் காது குடுக்கும். வீட்டோட பேசும்போது கொஞ்சம் அறுபடும். பொறுத்துக்கணும்."

தாள்கள் கைமாறின. "எங்க படகுக்கு என்னத்த இருக்கப்போவுது" என்று சிரித்துக்கொண்டே பிரித்த ஒருவர், சிரிப்பை அப்படியே நிறுத்தி, தாளை மறுபடி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்தவரும் அப்படியே செய்தார். தாள் மடிபடும் சத்தம் மட்டும் கூடமெங்கும் கேட்டது. யாரும் பக்கத்தில் இருப்பவரின் தாளை எட்டிப்பார்க்கவில்லை. கஸ்பாரைப் பார்த்து, உன் பார் எங்கே என்று கேட்கவும் இல்லை.

இஸ்தாக்கி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் தாளைப் பிரித்தார். படித்தார். மடிக்கவில்லை. அவர் அதைச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. குழல்வாய்மொழிக்கு மட்டுமே தெரியும், அவரும் சொல்லப்போவதில்லை. இஸ்தாக்கி தாளை விரித்தபடியே பிடித்திருந்தார். பிறகு எழுந்த குரல் வழக்கமான குரலாக இல்லை.

"எம் படகுக்குத் தொண்ணூத்தஞ்சு நிமிசம். ஒம்பது இருவதுலேர்ந்து."

கூடம் நிமிர்ந்து பார்த்தது.

"இருவத்திரண்டு வருசமா நான் ஏரியலைச் சாய்க்கேன். எவனாவது செய்வானான்னு இப்பக் கேட்டேன்லா, கேக்கும்போதே எனக்குத் தெரியும். அவன் கூப்பிட்டது எம் படகுக்குத் தெறந்திருந்த காதுலதான் விழுந்திருக்கு. அதையும் எந் தாள்ல அடியில இந்த அம்மா எழுதியிருக்காவ." அவர் பின்சுவரை நோக்கித் திரும்பினார். "கஸ்பாரு, அன்னைக்கி எம் படகு கவுந்திருந்தா, எங் குரலும் இப்படித்தான் குப்பையில கெடந்திருக்கும். உன்ன வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மன்னிச்சுக்கன்னு சொன்னா அது வெறும் வார்த்த. வார்த்தையில நான் கெட்டிக்காரன்னு எல்லாருக்கும் தெரியும்."

"விடுங்க மாமா" என்றார் கஸ்பார் மெதுவாக.

"விடமாட்டேன். எல்லாரும் கேட்டுக்கிடுங்க. மாதா கோயில் வடக்குக் கோபுரத்தையும், உப்பளத்துத் தண்ணித்தொட்டியையும் ஒண்ணுக்கொண்ணு மறைக்க நிறுத்து. அந்தக் கோட்டுலயே தெக்க ஓடு. வெளக்குமரம், சவுக்கந்தோப்பு முடியுற எடத்துக்கு நேரா வரும்போது நில்லு. பதினெட்டுப் பாகம் ஆழம். அதான் எம் பாரு. எங்க அப்பா சாகும்போது எங் காதுல மட்டும் சொன்னது. நாளைக்கி அங்க முதல் வல கஸ்பாரும் அவங்க அக்கா படகும் போடட்டும். அவிய போட்டு எடுத்த பொறவு மத்தவங்க போங்க. நான் கடைசியில வாறேன்."

செலஸ்தீனா சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டார். முன்மேசையில் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த செயலாளர், திகைப்பிலிருந்து மீண்டு, பேனாவைத் திறந்து, "வடக்குக் கோபுரம்... தண்ணித்தொட்டி..." என்று முணுமுணுத்தபடி எழுதத் தொடங்கினார்.

இஸ்தாக்கி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எழுதாதீரும்" என்றார். "கேட்டுட்டாவல்லா, அது போதும்."